மூன்று நாள், மூன்று ஆட்டம், அதே எதிரணி

ஆடுகளம்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பேஸ்பாலைப் போல பேஸ்களைச் சுற்றி ஓடி ரன் எடுக்கும் சாஃப்ட்பால் பற்றியவை. மலையிலுள்ள சில கல்லூரி அணிகள் அழைப்புப் போட்டிகளுக்காகக் கீழே இறங்கத் தயாராகிக்கொண்டிருப்பது ஒரு காரணம். கோத்தகிரியிலிருந்து ஒரு பாட்டி எழுதிய கடிதம் மற்றொரு காரணம். ஆகவே ஹாக்கியையும் கைப்பந்தையும் அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, உதகையில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் இந்த ஓர் ஆட்டத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

*

கேள்வி: என் பேத்தி அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஒரு பல்கலைக்கழக சாஃப்ட்பால் அணியில் இரண்டாவது பேஸில் ஆடுகிறாள். பிப்ரவரி முழுவதும் வென்றுகொண்டிருந்தவர்கள் மார்ச் பிறந்ததிலிருந்து தோற்கிறார்கள். கேட்டால், “கான்பரன்ஸ் ஆரம்பிச்சிடுச்சு பாட்டி, இந்த வாரம் ரோட் சீரீஸ்” என்கிறாள். மாநாட்டுக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம், ஐயா? இத்தனை ஆட்டங்களுக்கு நடுவே படிப்பு என்னாவது? (ஓய்வு பெற்ற ஆசிரியை, கோத்தகிரி)

பதில்: அம்மா, அந்தக் கான்பரன்ஸ் மாநாடு அன்று. சில பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து, ஆண்டுதோறும் தமக்குள் ஆடிக்கொள்வதற்காக அமைத்துக்கொண்ட கூட்டணிக்கு அங்கே அந்தப் பெயர் வழங்குகிறது. எடுத்துக்காட்டாக, தென்கிழக்கு மாநிலங்களை மையமாகக் கொண்ட எஸ்.இ.சி. என்னும் கூட்டணியில், 2024இல் டெக்சாஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் சேர்ந்த பிறகு, சாஃப்ட்பால் ஆடும் அணிகள் 15 ஆயின. அவற்றில் ஓர் அணி மற்ற எல்லோருடனும் ஆடுவதில்லை. எட்டு அணிகளை மட்டும், ஒவ்வோர் அணியையும் ஒரு வார இறுதியில் மூன்று முறை சந்திக்கிறது. ஆக 24 ஆட்டங்கள். அவற்றில் பாதி சொந்த மைதானத்தில், பாதி எதிரணியின் ஊரில். எதிரணியின் ஊருக்குப் போய் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளும் அதே எதிரணியுடன் ஆடிவிட்டு வருவதைத்தான் உங்கள் பேத்தி ரோட் சீரீஸ் என்கிறாள்.

பிப்ரவரியில் வென்றவர்கள் மார்ச்சில் தோற்பதில் வியப்பில்லை. நம் மலையில் சீசன் என்றால் ஏப்ரலும் மேயும்தான். அது சுற்றுலா வாகனங்களின் சீசன். அங்கே சாஃப்ட்பால் சீசன் பிப்ரவரித் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிறது, ஆனால் அப்போது வட மாநிலங்களின் மைதானங்களில் பனி கிடக்கும். அதனால் அந்த அணிகள் ஃபுளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா போன்ற வெயில் ஊர்களுக்குப் பறந்து சென்று, ஒரே வார இறுதியில் நான்கைந்து வெவ்வேறு அணிகளுடன் ஆடுகின்றன. அந்த அணிகளில் வலுவானவையும் இருக்கும், புதிதாகத் தலையெடுப்பவையும் இருக்கும். யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று பயிற்சியாளர்கள் சோதித்துப் பார்ப்பதும் அப்போதுதான். மார்ச்சில் கான்பரன்ஸ் தொடங்கியதும் எதிரே நிற்பவர்கள் எல்லோரும் ஆண்டாண்டாக ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்; உங்கள் பேத்தி எந்தப் பந்தை அடிக்கத் தடுமாறுவாள் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பவர்கள். பிப்ரவரியின் கணக்கையும் ஏப்ரலின் கணக்கையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. சொந்த ஊரில் ஆடும் அணி ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டாவதாகத்தான் பேட் பிடிக்கும். ஏழு இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தில், வெளியூர் அணி ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலை பெற்றாலும், கடைசி மூன்று அவுட்டுகளை எடுத்த பிறகுதான் மூச்சு விட முடியும். எதிரணிக்கோ, வெற்றிக்கான ரன், பேட்டர் நிற்கும் ஹோம் பேஸைத் தொட்ட அந்த நொடியிலேயே ஆட்டம் முடிந்துவிடும். கூட்டத்தின் கூச்சலைவிட இந்த ஏற்பாடுதான் வெளியூர் அணியின் நரம்பைத் தின்னும் என்பது என் எண்ணம்.

இதுவரை தோற்றதனால் பேத்தியின் சீசன் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வழக்கமான ஆட்டங்களுக்கு உச்சவரம்பு 56. மே மாதத் தொடக்கத்தில் பல கான்பரன்ஸ்கள் தமக்குள் ஒரு தனிப் போட்டி நடத்துகின்றன. அதில் வெல்லும் அணிக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம் கிடைக்கிறது. தேசியப் போட்டியில் மொத்தம் 64 அணிகள்: நான்கு நான்காக 16 ஊர்களில் ஆடி, பிறகு இரண்டிரண்டாக மூன்று ஆட்டத் தொடர் ஆடி, எஞ்சும் எட்டு அணிகள் ஓக்லஹோமா சிட்டியில் கூடும். படிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சீசன் காலத்தில் விளையாட்டுக்கு வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. பயண நேரம் அதில் சேராது என்பதால், வியாழக்கிழமை வகுப்புகள் சில தவறத்தான் செய்யும்.

*

கேள்வி: சாஃப்ட்பால் என்கிறார்களே, பந்து மென்மையாக இருக்குமா? (பள்ளி மாணவன், உதகை)

பதில்: கையுறை இல்லாமல் ஒரு முறை பிடித்துப் பார், தம்பி, தெரிந்துவிடும். 1887இல் சிகாகோவில் ஒரு படகுக் குழாமின் அரங்குக்குள், குத்துச்சண்டைக் கையுறையைப் பந்து போலச் சுருட்டிக் கட்டி, துடைப்பக் கழியால் அடித்து விளையாடியதில் பிறந்த ஆட்டம் இது. பெயரில் உள்ள மென்மை அந்தக் காலத்தது. இன்றைய பந்து 12 அங்குலச் சுற்றளவும் கிட்டத்தட்ட 180 முதல் 200 கிராம் எடையும் கொண்டு, கல் போல இருக்கும்.

*

கேள்வி: நான் எங்கள் கல்லூரி அணியில் பந்து எறியும் பிட்சர். இங்கே குன்னூரில் எனக்கு நன்றாக விழும் டிராப் பந்து (பேட்டரை நெருங்கும்போது தாழ்ந்துவிடும் பந்து), சென்ற ஆண்டு கோவையில் ஆடியபோது தரையில் குத்திக் குத்தி, பேட்டருக்குப் பின்னால் நிற்கும் கேட்சரைத் தாண்டிப் போனது. பதற்றத்தினால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். என்ன செய்ய வேண்டும்? (கல்லூரி மாணவி, குன்னூர்)

பதில்: பதற்றமும் இருந்திருக்கலாம், ஆனால் பழி முழுவதையும் அதன் மேல் போட வேண்டியதில்லை. காற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

சுழன்று செல்லும் பந்து வளைவதற்குக் காரணம் அதைச் சுற்றியுள்ள காற்று. பந்து சுழலும்போது ஒரு பக்கம் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது, மறுபக்கம் எதிர்த்துத் தள்ளுகிறது. அந்த வேறுபாடு பந்தைப் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ நகர்த்துகிறது. காற்று அடர்த்தியாக இருந்தால் வளைவு கூடும், மெலிந்திருந்தால் குறையும். உதகை கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; குன்னூர் சுமார் 1,850 மீட்டர்; கோவை சுமார் 410 மீட்டர்தான். கோவையின் வெயில் அங்குள்ள காற்றைக் கொஞ்சம் மெலியச் செய்தாலும், கணக்குப் போட்டுப் பார்த்தால் உதகைக் காற்று கோவைக் காற்றைவிட ஏறத்தாழ 15 சதவீதம் அடர்த்தி குறைந்தது. குன்னூருக்கு அதைவிடச் சற்றுக் குறைவான வேறுபாடு. நீங்கள் இங்கே பேட்டரின் முழங்காலுக்கு நேரே விழும்படி கையைப் பழக்கி வைத்திருக்கிறீர்கள். அதே கை, அதே சுழற்சி, கீழே இன்னும் சில விரற்கடை அதிகமாக விழும். அது போதும், பந்து ஹோம் பேஸுக்கு முன்னால் மண்ணில் குத்திவிடும்.

ஆக உங்கள் பந்து கோவையில் மோசமாகவில்லை, இன்னும் நன்றாக வேலை செய்தது; நீங்கள்தான் பழைய குறியிலேயே எறிந்தீர்கள். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றும் வேளையில் குறைந்தது 20 டிராப் பந்துகளை எறிந்து, எங்கே விழுகிறது என்று கேட்சரைச் சொல்லச் சொல்லுங்கள். குறியைக் கொஞ்சம் உயர்த்துங்கள், எறியும் விதத்தை மாற்றாதீர்கள். கேட்சர் கையுறையை நம்பாமல் இரண்டு முழங்காலையும் மண்டியிட்டு மார்பால் பந்தை மறிக்கும் பயிற்சியை இங்கேயே தொடங்கட்டும். மூன்றாவது பேஸில் ரன்னர் நிற்கும்போது நழுவும் ஒரு பந்து ஒரு ரன்னுக்குச் சமம்.

பேஸ்களுக்கு அப்பால் அவுட்ஃபீல்டில் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும், ஆனால் தலைகீழாக. மெல்லிய காற்றில் உயர அடித்த பந்து அதிக தூரம் போகும். எங்கள் காலத்தில் பந்து வேலியைத் தாண்டித் தேயிலைச் சரிவில் உருண்டுவிட்டால், மஞ்சள் நிறப் பந்தானாலும் செடிகளுக்கடியில் புகுந்துவிடும். நான்கு பேர் இறங்கி இடுப்பளவு தேயிலைக்குள் கால் மணி நேரம் தேட வேண்டியிருக்கும். எடுத்து வருபவர் கையில் பந்தின் தையல் பனி ஈரத்தில் ஊறிப் பருத்திருக்கும், சாக்ஸில் அட்டை ஒட்டியிருக்கும். அந்த நினைவில் மலைப் பெண்கள் எல்லோரும் பின்னால் தள்ளியே நின்று பழகிவிட்டார்கள். கோவையில் அதே அடி முன்னாலேயே விழும். நாலைந்து அடி முன்னே நிற்கச் சொல்லுங்கள். உள்வட்டத்திலோ எச்சரிக்கை வேறு: இங்கே ஈரப் புல்லில் சோம்பி வரும் தரைப்பந்து, கீழே காய்ந்து இறுகிய செம்மண்ணில் முகத்தை நோக்கி எழும்பும்.

உதகையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நுரையீரல் வலுவானது, கீழே போனால் பறப்பார்கள் என்று சிலர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு மலைப் பயிற்சி உதவுகிறது என்பது உண்மைதான். சாஃப்ட்பாலில் ஒரு பேஸுக்கும் அடுத்ததற்கும் 60 அடி. மூன்று நொடி ஓட்டம். அதில் உயரத்தின் பயன் பெரிதாக எதுவுமில்லை, வெயிலின் தொல்லைதான் உண்டு.

*

கேள்வி: மகளுடைய கல்லூரி அணியை முதல் நாளே கோவைக்கு அழைத்துப் போய் இரவு தங்க வைக்கப் போகிறார்களாம். மூன்று மணி நேரப் பயணத்துக்கு எதற்கு இந்தச் செலவு? விடியற்காலையில் கிளம்பினால் போதாதா? (ஒரு தந்தை, உதகை)

பதில்: நானும் அப்படித்தான் நினைத்தேன், ஐயா. செலவை மிச்சப்படுத்துவதாக எண்ணி, ஒரு முறை விடியற்காலை நாலரை மணிக்கு வேனில் கிளம்பச் செய்தேன். ஒன்பது மணிக்கு ஆட்டம். குன்னூரைத் தாண்டும்வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள், பர்லியாறு வருவதற்குள் அமைதியாகிவிட்டார்கள். ஒரு பெண் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டியதும், அடுத்தடுத்து இருவருக்கு அதே கதி. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கல்லாற்றில் இறங்கியபோது, எல்லோருக்கும் காது அடைத்து, நான் சொன்னது பாதி கேட்கவில்லை. வெறும் வயிற்றோடு மைதானத்தில் இறங்கிய எங்கள் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்பவள்), முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு எளிய பந்துகளைத் தவறவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேனுக்கு நேரம் குறித்தவன் நான்.

அது ஒரு முறை தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட் போட்டி. ஆறு மாதம் பனியில் பயிற்சி எடுத்த அணியின் அந்த ஆண்டுச் சீசன் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. மதியத்துக்குள் மறுபடியும் வேன் ஏறினோம்.

ஓர் இரவுத் தங்கலில் உடம்பு வெயிலுக்குப் பழகிவிடாது. அதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். ஆனால் வயிறு அடங்கும், காது திறக்கும், தூக்கம் கிடைக்கும். மலைப் பிள்ளைகளுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: குளிரில் தாகம் தெரியாததால் தண்ணீர் குடிக்கவே மாட்டார்கள். முதல் நாள் மாலையிலிருந்தே மகளைத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். ஆட்டத்தின் நடுவே உப்பிட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ இருக்கட்டும். இறங்கும் நாள் சுற்றுலாச் சீசனில் விழுந்தால், வாகனங்களைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு என்பதைக் கணக்கில் வைத்து, பகல் வெளிச்சத்திலேயே கிளம்பிவிடச் சொல்லுங்கள். தங்கும் செலவுக்கு முகம் சுளிக்காதீர்கள்.

*

கேள்வி: எங்கள் அணியில் ஒரே ஒரு நல்ல பிட்சர்தான் இருக்கிறாள். கையைத் தோளுக்கு மேல் தூக்காமல் கீழிருந்து எறிவதால் தோள் களைக்காது, எல்லா ஆட்டத்திலும் அவளையே எறியவிடலாம் என்கிறார்கள். சரியா? (உடற்கல்வி ஆசிரியை, கூடலூர்)

பதில்: சரியன்று. முழுச் சுற்றாகக் கையைச் சுழற்றிக் கீழிருந்து எறியும்போது தோள்மூட்டில் விழும் இழுவிசை, பேஸ்பால் எறிபவரின் தோளில் விழுவதற்கு ஏறத்தாழ நிகரானது என்று அளந்தே காட்டியிருக்கிறார்கள். ஒரு நாளில் இரண்டு ஆட்டம் எறிந்தவளின் கை மறுநாள் தலைவாரக்கூட மறுக்கும். வெளியே சொல்ல மாட்டாள், இடம் போய்விடும் என்ற பயம்.

தோள் தாங்கினாலும் வேறு சிக்கல் இருக்கிறது. பெண்கள் ஆட்டத்தில் பிட்சருக்கும் ஹோம் பேஸுக்கும் இடையே 43 அடி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, பேட்டைச் சுழற்ற அரை நொடிகூடக் கிடைக்காது. அதனால் பேட்டர் பந்தைப் பார்த்து அடிப்பதைவிட, பிட்சரின் இடுப்பு, மணிக்கட்டு, மூச்சு ஆகியவற்றை முன்பே படித்து வைத்துத்தான் அடிக்கிறாள். முதல் சந்திப்பில் பிட்சர் கை ஓங்கும். மூன்றாவது முறை சந்திக்கும்போது, அந்தப் பாடம் மனப்பாடமாகியிருக்கும்.

2025 ஜூனில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் இறுதித் தொடர் இதற்கு நல்ல சான்று. டெக்சாஸ் டெக் அணியின் நைஜாரீ கேனடி, அந்நாட்டுக் கல்லூரி அளவில் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவர். ஓக்லஹோமா சிட்டிக்கு வந்ததிலிருந்து தன் அணிக்காக ஒவ்வொரு பந்தையும் அவரே எறிந்துகொண்டிருந்தார். இறுதியில் எதிரே டெக்சாஸ் பல்கலைக்கழகம், மூன்று ஆட்டத் தொடர். முதல் ஆட்டத்தில் டெக்சாஸ் 2–1 என்று வென்றது. அதிலும், ரீஸ் அட்வுட் என்னும் பேட்டரை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட எண்ணி வெளியே எறிந்த பந்து கைக்கெட்டும் தூரத்தில் போய்விட, அட்வுட் அதை அடித்து இரண்டு ரன்னையும் எடுத்துக் கொடுத்துவிட்டார். இரண்டாவதில் டெக்சாஸ் டெக் 4–3 என்று திருப்பி அடித்தது. மூன்றாவது ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸிலேயே டெக்சாஸ் ஐந்து ரன் குவித்தது. அந்த இன்னிங்ஸோடு கேனடியை மாற்ற வேண்டியதாயிற்று. 10–4 என்ற கணக்கில் டெக்சாஸ் தன் முதல் பட்டத்தை வென்றது. களைப்பு எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்தே வரும்.

ஆகவே இரண்டாவது பிட்சரை இன்றே தேடத் தொடங்குங்கள். வேகம் குறைந்தவளாக இருந்தால் இன்னும் நல்லது. வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு மெதுவான பந்து பெரும் தலைவலி.

இந்த இடத்தில் என் நெடுநாள் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன நுணுக்கம் எதையும் நம் கல்லூரிப் பெண்கள் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை, ஏனென்றால் நம் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். தோற்ற அணிக்கு நேற்று தன்னைத் திணறடித்த பிட்சரை இன்று மறுபடி எதிர்கொள்ளும் வாய்ப்பு இல்லை. வென்ற அணிக்கு, தன்னைப் படித்துவிட்ட பேட்டர்களைச் சமாளிக்கும் கட்டாயம் இல்லை. நேரமும் மைதானமும் பணமும் போதாது என்பார்கள். மலையில் மூன்று கல்லூரிகள், கீழே மூன்று கல்லூரிகள் தமக்குள் பேசிக்கொண்டு, ஆளுக்கொரு வார இறுதி மேலும் கீழும் போய்வந்தால், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் ஒரு சின்ன கான்பரன்ஸை நடத்திவிடலாம். கோவைப் பெண்கள் இங்கே மூடுபனியில் ஈரப் பந்தைப் பிடிக்கத் தடுமாறுவதைப் பார்க்கவாவது எனக்கு ஆசை.

*

கேள்வி: பேத்தியின் ஆட்டங்களைக் கைப்பேசியில் நேரடியாகப் பார்க்கலாமாம். மூன்று நாளும் கண்விழிக்க என் உடம்பு இடம் கொடுக்காது. ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்க்க? (அதே கோத்தகிரி வாசகி)

பதில்: பேத்தி எந்த மாநிலத்தில் ஆடுகிறாள் என்பதைப் பொறுத்து நேரம் ஒன்றிரண்டு மணி முன்பின்னாகும், அம்மா. டெக்சாஸ் போன்ற மத்திய மாநிலங்கள் என்றால், இப்போது அங்கே வெள்ளி மாலை ஆறு மணி என்பது இங்கே சனி அதிகாலை நாலரை. அந்த ஆட்டத்தைத் தூங்கியே கழித்துவிடுங்கள். காலையில் கணக்கை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். சனி ஆட்டத்தையும் விட்டுவிடலாம். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் மூன்றாவது ஆட்டம் இங்கே அதே ஞாயிறு இரவு பத்தரைக்கு வரும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அதைப் பாருங்கள். பேத்தி பேட் பிடிக்க வரும்போது பந்தைப் பார்க்காமல், பிட்சர் பந்தை விடுவதற்கு முன்பே பேத்தியின் முன்கால் நகர்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு நாளில் அவள் என்ன படித்திருக்கிறாள் என்பது அதில் தெரியும்.